ஒட்டுக்கேட்பு ஆணை உங்கள் மேசைக்கு வந்தால்

அமெரிக்காவில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியிலோ, ஈமெயில் அல்லது போன் சேவை தருகிற இடத்திலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிஸ்டம் அட்மின், கஸ்டமர் சப்போர்ட், எதுவாகவும் இருக்கட்டும். ஒருநாள் காலை இன்பாக்ஸைத் திறந்தால் நீதிமன்றத் தலைப்போடு ஒரு பிடிஎஃப் கிடக்கிறது. இன்ன வாடிக்கையாளரின் கணக்கில் போகிற, வருகிற செய்திகளை இன்ன தேதியிலிருந்து எடுத்துத் தரவும் என்கிறது. கடைசிப் பக்கத்தில், இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று ஒரு பத்தி. அந்த வாடிக்கையாளரை உங்களுக்குத் தெரியும். போன வாரம்தான் அவர் வீட்டு ரவுட்டரைச் சரிசெய்து கொடுத்தீர்கள், தங்கமான மனுஷன்.

பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி டீம் உண்டு. சின்ன இடத்தில் அந்த டீமே நீங்கள்தான். நானும் அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்து விழுந்தேன். நான் வக்கீல் இல்லை. இந்த மாதிரித் தாள்களை வாங்கி, படித்து, வியர்த்து, வக்கீலிடம் ஓடிய அனுபவத்தில் எழுதுகிறேன். தாள் கைக்கு வந்ததும் மூன்று கேள்வி கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்: வாயை மூடச் சொல்வது யார், எதைப் பற்றி, எதுவரை. புதியவர்கள் செய்கிற தப்பெல்லாம் இந்த மூன்றில் ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வருவதுதான். பயத்தில் எல்லாவற்றுக்கும் வாயைப் பூட்டிக்கொள்வதும் தப்புதான், அதையும் சொல்கிறேன்.

முதலில், கையில் இருப்பது எந்தத் தாள்?

நேரடியாகப் பேச்சையோ செய்தியையோ ஓடும்போதே கேட்பதற்கான ஆணைதான் ஒட்டுக்கேட்பு ஆணை. 1968ஆம் ஆண்டுக் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் மூன்றாம் தலைப்பில் வருவதால் இந்த வட்டாரத்தில் எல்லோரும் 'டைட்டில் த்ரீ' என்றுதான் சொல்வார்கள். நீதிபதி கையெழுத்துப் போட வேண்டும், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 30 நாள், நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி நீதிபதியிடம் போக வேண்டும். இதில் சேவை தருகிற கம்பெனியும் அதன் ஊழியர்களும் மௌனமாக இருப்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட கடமை. கூட்டாட்சி, அதாவது மத்திய அரசின், குற்றச் சட்டத்தொகுப்பில் 2511ஆம் பிரிவில் இருக்கிறது. ஆணையில் தனியாக அந்தப் பத்தி இல்லாவிட்டாலும் நீங்கள் பேசக்கூடாது. பேசினால், பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம்.

அடுத்தது பென் ரெஜிஸ்டர். யார் யாருக்கு எப்போது அழைத்தார் என்கிற எண்கள் மட்டும், பேச்சு கிடையாது. 60 நாள் ஓடும். இந்த ஆணை முத்திரையிட்டு வைக்கப்பட வேண்டும் என்றும், நீதிமன்றம் வேறு மாதிரிச் சொல்கிறவரை சந்தாதாரரிடமோ வேறு யாரிடமோ சொல்லக்கூடாது என்றும் ஆணையிலேயே எழுதச் சொல்கிறது சட்டம்.

மூன்றாவது வகையில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். சர்வரில் ஏற்கெனவே சேமித்துக் கிடக்கும் மெயிலையோ கணக்கு விவரத்தையோ கேட்டு வரும் வாரண்ட், சப்போனா (ஆவணம் தரச் சொல்லும் அழைப்பாணை). இவற்றில் மௌனம் தானாக வருவதில்லை. அரசு தனியாக நீதிமன்றத்துக்குப் போய், 2705(பி) பிரிவின்படி ஒரு வாய்ப்பூட்டு ஆணை வாங்கியிருக்க வேண்டும். சொன்னால் யாருடைய உயிருக்கோ ஆபத்து, ஆள் ஓடிவிடுவார், சாட்சியத்தை அழித்துவிடுவார், சாட்சிகளை மிரட்டுவார், விசாரணையே கெட்டுப்போகும் என்பதில் ஏதாவது ஒன்றை நம்பக் காரணம் இருந்தால்தான் நீதிபதி அதைத் தரலாம். அப்படி ஒரு ஆணை கூட வரவில்லையென்றால், வாடிக்கையாளரிடம் சொல்ல உங்கள் கம்பெனிக்கு உரிமை இருக்கிறது. பெரிய ஈமெயில் கம்பெனிகள் பலவும் தடை இல்லாதபோது சொல்வதையே கொள்கையாக வைத்திருக்கின்றன. கவர் லெட்டரில் விசாரணை அதிகாரி "தயவுசெய்து வெளியிட வேண்டாம்" என்று எழுதியிருப்பார், அது வேண்டுகோள்தான். வேண்டுகோளுக்கும் ஆணைக்கும் வித்தியாசம் தெரியாமல் முதல் வருடம் நான் எல்லாத் தாளையும் ராணுவ ரகசியம் மாதிரிப் பொத்திப்பொத்தி வைத்திருந்தேன்.

அப்புறம் தேசியப் பாதுகாப்புக் கடிதம். இதில் நீதிபதி கிடையாது, எஃப்.பி.ஐ. தானே கையெழுத்திட்டு அனுப்புவது. வெளியே சொன்னால் ஆபத்து என்று எஃப்.பி.ஐ. சான்றளித்திருந்தால் வாய்ப்பூட்டும் கூடவே வரும். கிராண்ட் ஜூரி, அதாவது ஒருவர் மேல் குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, அனுப்பும் சப்போனா வேறு கதை: கூட்டாட்சி விதிப்படி ஜூரியில் இருப்பவர்கள், அரசு வழக்கறிஞர் போன்றவர்களுக்குத்தான் ரகசியக் கடமை, சாட்சிக்கு இல்லை. ஆனால் நீங்கள் வேலை பார்ப்பது பேங்க் என்றால் இதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். குறிப்பிட்ட குற்றங்கள் பற்றிய சப்போனா வந்திருப்பதை வாடிக்கையாளரிடம் சொன்னாலே ஒரு வருடம் வரை சிறை, விசாரணையைக் கெடுக்கும் நோக்கத்தோடு சொன்னால் ஐந்து வருடம் வரை.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே போன் ஒட்டுக்கேட்க நீதிபதி தேவையில்லை, உள்துறைச் செயலாளரின் உத்தரவு போதும். 1996இல் பி.யூ.சி.எல். என்கிற சிவில் உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகளும் மறுஆய்வுக் குழுவைத்தான் வைத்தன, நீதிமன்ற அனுமதியைக் கட்டாயமாக்கவில்லை. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு ஒட்டுக்கேட்பு உத்தரவையே ரத்து செய்தது, அது உத்தரவு போட்டு வெகுகாலம் கழித்து வழக்கில் வந்தபின் நடந்தது. இங்கே நீதிபதி முன்னாலேயே நுழைகிறார். அதனால் இங்கே ரகசியத்தை உடைப்பது என்பது போலீஸைப் பகைத்துக்கொள்வதோடு நிற்காது, நீதிமன்ற அவமதிப்பு வரை போகும்.

யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஆமாம். வக்கீலிடம் சொல்லலாம். ஆணையை நிறைவேற்ற யார் யார் கை தேவையோ அவர்களிடம் சொல்லலாம். தேசியப் பாதுகாப்புக் கடிதத்தில் இந்த இரண்டு விலக்கும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. மற்ற ஆணைகளில் அந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள், வார்த்தைகள் தாளுக்குத் தாள் மாறும். "தேவை" என்பதைக் குறுகலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: சுவிட்சில் போர்ட்டைத் திருப்பிவிடும் இன்ஜினியருக்கு எந்தப் போர்ட் என்பது தெரிந்தால் போதும், யாருடையது, எந்த வழக்கு என்பது அவருக்கு எதற்கு? உங்கள் மனைவி, கணவர், லஞ்ச் டேபிள் நண்பர் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. "பேரைச் சொல்லாமல் சொன்னேன்" என்பதும் சின்ன ஊரில் பேரைச் சொன்னதாகவே ஆகும்.

ஆபீஸே காட்டிக்கொடுக்கும் இடங்கள்

வேண்டுமென்று யாரும் போய்ச் சொல்வது அபூர்வம். கம்ப்யூட்டர் சொல்லிவிடும் என்பதுதான் நான் நடுராத்திரியில் பயந்த விஷயம்.

ஒருமுறை ஒத்திகை நடத்தினோம். போலி ஆணை, போலி வாடிக்கையாளர், எல்லாம் நாங்களே தயாரித்தது. புதிதாகச் சேர்ந்த பையன் மிக ஒழுங்காக வேலை செய்தான்: தாளைப் படித்தான், வக்கீலுக்கு அனுப்பினான், இன்ஜினியரைக் கூப்பிட்டான். நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு டிக்கெட் திறந்தான். டிக்கெட்டை வாடிக்கையாளர் கணக்கோடு இணைத்தான், அதுதானே எங்கள் நடைமுறை. இணைத்த நாலாவது நிமிடம், போலி வாடிக்கையாளராக நடித்துக்கொண்டிருந்த என்னுடைய போனில் டிங் என்று ஒரு மெயில்: "உங்கள் கணக்கில் புதிய கோரிக்கை பதிவாகியுள்ளது." தலைப்பில் 'சட்ட ஆணை' என்று வேறு கொட்டை எழுத்தில் இருந்தது. பையன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவனைத் திட்ட என்ன இருக்கிறது, அந்த ஆட்டோமேட்டிக் மெயிலைப் போட்டு வைத்தது நான்தான்.

அன்றைக்கு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். டிக்கெட் சிஸ்டம் முதல் ஆள். அப்புறம் எல்லோரும் பார்க்கும் காலண்டர், அதில் "இன்னார் ஆணை முடிகிறது" என்று எழுதாதீர்கள். ஆபீஸ் சாட், அதில் தேடினால் வாடிக்கையாளர் பெயர் வந்துவிடும். "உங்கள் கணக்கில் புதிய இடத்திலிருந்து லாகின்" என்று தானாகப் போகும் எச்சரிக்கை. வாடிக்கையாளரே தன் பக்கத்தில் பார்க்கக்கூடிய செட்டிங், அதில் பார்வேர்டிங் போட்டு வைத்தால் அவர் கண்ணில் படும். பில்லில் ஒரு வரி கூடுவது. நடுராத்திரியில் ஐந்து நிமிடம் லைன் போய் வருவது. இத்தனைக்கும் ஒரே மருந்துதான், இந்த வேலைக்கு வாடிக்கையாளர் டேட்டாபேஸோடு ஒட்டாத ஒரு தனி இடம். எங்களிடம் அது ஒரு பூட்டுப் போட்ட அலமாரியும் ஒரு காகித நோட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வாடிக்கையாளரே போன் செய்து கேட்டால்

"என் லைனை யாராவது கேட்கிறார்களா?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். அதில் பெரும்பாலோருடைய லைனை யாரும் கேட்பதில்லை. அங்கேதான் வில்லங்கம். ஒன்பது பேருக்கு "சேச்சே, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, பத்தாவது ஆளிடம் "அதுபற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது" என்றால், அவருக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. அதனால் முதல் நாளிலிருந்தே, யார் கேட்டாலும், ஒரே பதில்: சட்ட ஆணைகள் இருக்கிறது என்றோ இல்லை என்றோ நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. ஆணை எதுவுமே வராத வருடங்களிலும் இதே வாக்கியம்தான், இதே குரலில்தான். பொய் சொல்லவும் வேண்டாம், குரலைத் தாழ்த்தி "பார்த்துப் பேசுங்க சார்" என்று ஜாடை காட்டவும் வேண்டாம். ஜாடை காட்டினாலும் சட்டம் பிடிக்கும், அடுத்து அதுதான்.

உஷார்படுத்துவது எப்போது கிரிமினல் குற்றம்?

இதுவரை சொன்னது பெரும்பாலும் கம்பெனி ஆட்களுக்கான கடமை. 2232ஆம் பிரிவின் (டி) உட்பிரிவு எல்லோருக்குமானது: கோர்ட் கிளார்க், போலீஸ்காரர், ஒட்டுக்கேட்டதை மொழிபெயர்க்கும் ஆள், அவருடைய மச்சான், யாராக இருந்தாலும். ஐந்து வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெளிநாட்டு உளவு சம்பந்தமான ஆணைகளுக்கு அதன் பக்கத்திலேயே (இ) இருக்கிறது, அதே தண்டனை.

குற்றமாக மூன்று வேண்டும். கூட்டாட்சி அதிகாரி ஒட்டுக்கேட்க அனுமதி வாங்கியிருக்கிறார், அல்லது கேட்டு விண்ணப்பித்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தடுக்கும், கெடுக்கும் நோக்கம் இருக்க வேண்டும். யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும், அல்லது சொல்ல முயன்றிருக்க வேண்டும். விண்ணப்ப நிலையே போதும் என்பதையும், முயற்சியே போதும் என்பதையும் கவனியுங்கள். "சொன்னேன், ஆனால் அவன் நம்பவில்லை, பேசிக்கொண்டேதான் இருந்தான்" என்பது தப்பிக்கும் வழி இல்லை. அதேநேரம், எதுவும் தெரியாமல் டீக்கடையில் "போலீஸ் கேட்டாலும் கேட்கும்பா" என்று சொல்கிறவரை இந்தப் பிரிவு தொடாது. வெறும் ஊகம் அறிவு ஆகாது. ஆனால் தெரிந்ததை ஊகம் மாதிரி வேஷம் போட்டுச் சொல்வது வேறு.

இந்தப் பிரிவில் மாட்டியவர்களில் ரொம்பப் பிரபலமானவர் ஒரு கூட்டாட்சி நீதிபதி என்பதைப் புதியவர்கள் நம்பவே மாட்டார்கள். ராபர்ட் அகிலார், வட கலிபோர்னியா மாவட்ட நீதிமன்றம். 1987இல் எஃப்.பி.ஐ. ஒரு தொழிற்சங்கப் புள்ளியின் அலுவலகப் போன்களை ஒட்டுக்கேட்க ஆணை வாங்கியது. அதில் பேசக்கூடியவர்கள் பட்டியலில், கல்யாண வழியில் அகிலாருக்குத் தூரத்து உறவான ஒருவர் பெயரும் இருந்தது. அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி நல்லெண்ணத்தில் அகிலாரைக் கூப்பிட்டு, அந்த ஆளோடு சகவாசம் வேண்டாம், ஒட்டுக்கேட்பு ஒன்றில் அவர் பெயர் வந்திருக்கிறது என்று எச்சரித்தார். அதாவது ரகசியம் முதலில் கசிந்ததே நீதிபதி அறைக்குள்தான். ஐந்து மாதம் கழித்து, அந்த உறவினர் வீட்டுக்கு வந்திருந்தபோது வெளியே ஒருவன் வீட்டை நோட்டம் விடுவதை அகிலார் பார்த்துவிட்டார். தன் அண்ணன்தம்பி, அக்காதங்கை வழிப் பிள்ளை ஒருவனிடம் விஷயத்தைச் சொன்னார், அது உறவினர் காதுக்குப் போகட்டும் என்று: உன் போனை ஒட்டுக்கேட்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னது இரண்டு வகையில் தப்பு. ஒட்டுக்கேட்டது உறவினரின் போனை அல்ல. அந்த ஆணையும் எப்போதோ காலாவதி ஆகியிருந்தது. ஓடாத ஒட்டுக்கேட்பை நான் எப்படித் தடுத்திருக்க முடியும் என்பதுதான் அவர் வாதம், கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவும் செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பிரிவு கேட்பது, அனுமதி கொடுக்கப்பட்டதோ கேட்கப்பட்டதோ தெரியுமா, தடுக்கும் நோக்கம் இருந்ததா என்பதை மட்டும்தான், ஆணை இன்னும் உயிரோடு இருக்க வேண்டும் என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது என்று தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதினார். பேச்சுரிமை வாதமும் எடுபடவில்லை. அரசுப் பொறுப்பை விரும்பி ஏற்றவர் மீது, அந்தப் பொறுப்பினால் கிடைத்த ரகசியம் பற்றிக் கூடுதல் கட்டுப்பாடு போடலாம் என்றார்கள். எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொல்லி நீதிக்கு இடையூறு செய்தார் என்ற குற்றச்சாட்டு மட்டும் அதே தீர்ப்பில் நிற்காமல் போனது. அகிலார் 1996இல் பதவியை விட்டுப் போனார்.

இந்தக் கதையை நான் புதியவர்களுக்குச் சொல்வதற்குக் காரணம், அவர் காசு வாங்கிக்கொண்டு செய்யவில்லை என்பதுதான். வெளியே நோட்டம் விடும் ஒரு ஆள், வீட்டில் ஒரு சொந்தக்காரர், ஒரு நிமிடப் பதற்றம். ரவுட்டர் சரிசெய்து கொடுத்த அந்தத் தங்கமான மனுஷனிடம் உங்களுக்கும் அந்த ஒரு நிமிடம் வரலாம்.

மாநில போலீஸ் வாங்கும் ஆணைகளுக்கு மாநிலச் சட்டங்கள் தனி. நியூயார்க்கில் ஒட்டுக்கேட்பு வாரண்ட் இருப்பதை வெளியே சொல்வதே ஒரு குற்றம். உங்கள் மாநிலத்தில் என்ன என்பதை முதல் தாள் வருவதற்கு முன்னாலேயே வக்கீலிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

எதுவரை?

30 நாள் முடிந்தால் கேட்பது முடியும், உங்கள் மௌனம் முடியாது. டைட்டில் த்ரீயில் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லும் வேலை அரசுடையது: ஆணைக் காலம் முடிந்து 90 நாளுக்குள், ஆணையில் பெயர் உள்ளவர்களுக்கு, இப்படி ஒரு ஆணை இருந்தது, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, உங்கள் பேச்சு பதிவானது அல்லது ஆகவில்லை என்று அறிவிப்பு போக வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் நீதிபதி தள்ளிப்போடுவார். வீட்டைச் சோதனை போட வருகிறவர் வாசலிலேயே வாரண்டைக் காட்டலாம், போனில் கேட்கிறவர் முன்னாடியே காட்டினால் அப்புறம் என்ன கேட்பது? அதனால் முன்னால் ரகசியம், பின்னால் கடிதம் என்று ஒரு பண்டமாற்று. கடிதம் போய்விட்டதாம் என்று கேள்விப்பட்டு நீங்களும் வாயைத் திறந்துவிடாதீர்கள். கம்பெனிக்கான விதியில், சட்டபூர்வமாக யாராவது கேட்டு, அதையும் அரசு வழக்கறிஞருக்கு முன்கூட்டியே சொன்ன பிறகுதான் பேசலாம்.

2705(பி) வாய்ப்பூட்டில் ஆணையிலேயே தேதி பாருங்கள். ஒரு காலத்தில் தேதியே இருக்காது. 2016 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் இதற்காகவே அமெரிக்க அரசின் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, அரசு வழக்கறிஞர்களின் துறை) மீது வழக்குப் போட்டது; 18 மாதத்தில் தங்களுக்கு வந்த 2,576 ரகசிய ஆணைகளில் 1,752க்கு முடிவுத் தேதியே இல்லை என்றது. 2017 அக்டோபரில் நீதித்துறை, பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்று தன் வழக்கறிஞர்களுக்கு விதி போட்டது, மைக்ரோசாஃப்டும் வழக்கைத் திரும்பப் பெற்றது. ஆக, தேதியில்லாத தாள் இன்றைக்கு வந்தால் வக்கீலிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. தேதி இருந்தால், அது முடிந்த மறுநாள் வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதும் வேலையை உங்கள் காகித நோட்டில் இன்றே குறித்து வையுங்கள். பல கம்பெனிகள் இதை மறந்துவிடுகின்றன. அரசும் நினைவூட்டாது.

ஒப்புக்கொள்ள முடியவில்லை என்றால்

தாள் அநியாயம் என்று தோன்றினால் நீதிமன்றத்துக்குப் போங்கள், வாடிக்கையாளரிடம் போகாதீர்கள். நிக்கலஸ் மெரில் நியூயார்க்கில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி நடத்தியவர். 2004இல் எஃப்.பி.ஐ.யின் தேசியப் பாதுகாப்புக் கடிதம் வந்தது. வாடிக்கையாளருக்குச் சொல்லாமல், சிவில் உரிமை வழக்கறிஞர்களோடு சேர்ந்து, 'ஜான் டோ' என்ற பொய்ப்பெயரில் வழக்குப் போட்டார். நான்தான் அந்த ஆள் என்று சொல்ல 2010இல்தான் அனுமதி கிடைத்தது. கடிதத்தில் என்ன கேட்டார்கள் என்று முழுதாகச் சொல்ல 2015 வரை ஆனது. பதினோரு வருடம். இப்போது வழி கொஞ்சம் சுருக்கம்: நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று கடிதம் பெற்றவர் அரசுக்கு எழுதினாலே போதும், 30 நாளுக்குள் அரசுதான் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டும். செலவு இல்லாத வழி, அந்தக் கடிதத்திலேயே இது எழுதியிருக்கும், பலர் படிப்பதில்லை.

அந்த 90 நாள் கடிதம் உங்கள் பேருக்கே வந்தால்

இது நடக்கும். வேறு யாரோ ஒருவருடைய போனை ஒட்டுக்கேட்டபோது நீங்கள் அதில் பேசியிருப்பீர்கள், நீதிபதி உங்களுக்கும் தெரிவிக்கச் சொல்லியிருப்பார். கடிதம் வந்தது என்பதற்காக உங்கள் மேல் குற்றச்சாட்டு என்று அர்த்தமில்லை. வக்கீலைப் பாருங்கள், பதிவானதில் எந்தப் பகுதியைக் காட்டலாம் என்று நீதிபதியிடம் மனுப் போடலாம், சட்டவிரோதமாகக் கேட்டிருந்தால் சாட்சியத்திலிருந்து நீக்கச் சொல்லவும் வழி உண்டு. தனக்கு வந்த கடிதத்தைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று பொதுவான தடை எதுவும் இல்லை. ஆனால் கடிதத்தைப் பிரித்த கையோடு அந்த நண்பர், இந்த நண்பர் என்று வரிசையாகப் போன் போடாதீர்கள். அவர்களில் ஒருவர் மேல் இன்னொரு ஆணை ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பேசுவதும் அதில் பதிவாகும். வக்கீலிடம் பேசிவிட்டு அப்புறம் யாரிடம் பேசலாம் என்று முடிவு செய்யுங்கள்.